ரயட்டைக் கமோஷன் ஆக்கிய தணிகாசலம்

தணிகாசலம் அண்ணன் போய்விட்டார் என்று அவர் மகள் போனில் சொன்னபோது, நான் மாமல்லபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மைக் டெஸ்ட் செய்துகொண்டிருந்தேன். மைக் ஆனில் இருந்தது. நான் "ஐயோ அண்ணாத்த!" என்றது மண்டபம் முழுக்கக் கேட்டு ஐந்நூறு பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். ஐந்நூறு என்பது நான் குறைத்துச் சொல்வது. எந்த மந்திரிக்கு அப்படி நடந்திருக்கிறது, சொல்லுங்கள்.

செங்கல்பட்டு கோர்ட்டுக்கு எதிரே அவர் லேப்டாப் வைத்து மனு அடித்துக் கொடுத்த மேசையை உங்களில் பாதிப் பேர் அறிவீர்கள். நான் எட்டாவதோடு நிறுத்தியவன். ஆனாலும் அந்த மேசையில் என் பெயர் அடிபடாத மாதம் இல்லை. நான் படாளத்தில் மைக் செட் வைத்திருப்பவன். என்மேல் வரும் சத்தப் புகார்களை இங்கிலீஷில் அடித்துக் கொடுப்பவர் அவர். அடித்து முடித்ததும் எனக்கே போன் போட்டு, "உன் மேல ஒண்ணு வந்துகினு கீது, ஜாக்கிரத" என்பார். அப்படி ஒரு நட்பு.

நமக்கும் கலாட்டா, ரகளை, அமளி என்று இருக்கிறது. ஆனால் இங்கிலீஷ்காரன் சத்தத்தை அலமாரியில் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருக்கிறான் என்பார் அண்ணன். டின் என்றால் யார் மேலும் தப்பில்லாமல் ஓயாமல் வரும் இரைச்சல், மதுராந்தகம் பஸ் ஸ்டாண்டு மாதிரி. ரேக்கட் என்றால் பக்கத்து வீட்டைப் பற்றிக் கவலைப்படாமல் போடும் சத்தம். "அது நீ" என்று என்னைக் காட்டுவார். அப்ரோர் என்றால் ஒரு கூட்டமே கோபத்தில் கத்துவது. கமோஷன் என்றால் குழப்பத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் ஓடுவது. கைகலப்பு ஆகிவிட்டால் பிரால். கலவரம் என்றால் ரயட். அந்த வார்த்தையை மட்டும் லேசில் தொடமாட்டார். "அந்த வார்த்தய எழுதிட்டன்னு வையி, அப்புறம் அதுக்கு ஆள் தேடுவாங்க" என்பார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் இவ்வளவுதான். ஆனால் இதில் என்னை அடிக்க இந்த ஜில்லாவில் ஆள் இல்லை.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. சத்தப் புகார் என்று யார் வந்தாலும், அந்தச் சத்தத்தை முதலில் அவர்களே போட்டுக் காட்ட வேண்டும். பக்கத்து மனையில் போர்வெல் போடுகிறார்கள் என்று வந்த ஒரு டீச்சரம்மா, வக்கீல்கள் பார்க்க, "கர்ர்ர்ர்" என்று மூச்சு முட்டக் கத்திவிட்டுத் தானே சிரித்துவிட்டார். அதைக் கேட்ட பிறகுதான் அண்ணன் கீபோர்டில் கை வைத்தார்.

இப்போது என் அக்கா மகன் சுரேஷ் விஷயத்துக்கு வருகிறேன். மாசி மகத்தன்று சாமியைக் கடலுக்கு எடுத்துப்போய் நீராட்டுவது எங்கள் ஊர் வழக்கம். ஒரு வருடம் மாமல்லபுரம் பக்கத்து மணலில் எங்கள் சாமியும் இன்னொரு ஊர் சாமியும் ஒரே நேரத்தில் வந்து நின்றன. அவர்கள் மைக் செட்டில் சத்தத்தை ஏற்றினார்கள், நான் விடுவேனா? யார் சொல்வதும் யாருக்கும் கேட்கவில்லை. தள்ளுமுள்ளில் சாமிக் குடை முறிந்தது. முறிந்த குடைக் கொம்பைக் கையில் பிடித்து நின்ற சுரேஷை, கடற்கரையோர வீட்டு மாடியிலிருந்து ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் செல்போனில் படம் பிடித்து, "ரயட்" என்று இங்கிலீஷில் புகார் கொடுத்துவிட்டார். சுரேஷுக்கு மத்திய அரசு வேலை வந்து, போலீஸ் விசாரணை மட்டும் பாக்கி இருந்த நேரம்.

ஸ்டேஷனில் என்னைக் கேட்டார்கள். நான் சொன்னேன்: "பதினாறு ஸ்பீக்கர் பெட்டி சார், முட்டுக்காடு வரைக்கும் கேக்கும். சனம் மூவாயிரம். கடலே கலங்கிப்போச்சு!" அத்தனையும் எழுதிக்கொண்டார்கள்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "உன் வாயால என் புள்ள வாழ்க்கையே போச்சேடா!"

அண்ணனிடம் ஓடினோம். "ரயட்ட அவர் பாதி எழுதினாரு, நீ மீதிய எழுதிட்ட. வாய மூடினு குந்து" என்றார். அந்த அதிகாரிக்கு மரியாதையாகப் போன் செய்து வரவழைத்தார். "இன்னா சத்தம் கேட்டீங்க சார்? போட்டுக் காட்டுங்க."

"நானா? இங்கேயா?"

"டீச்சரம்மாவே போட்டாங்க சார்."

அதிகாரி சுற்றிலும் பார்த்தார். மேசையில் டம் டம் என்று தட்டினார். பிறகு கையைக் குவித்து, "ஏய், குடையப் புடி! சாமி சாயுது! தள்ளாத!" என்று கத்தினார். அதற்குமேல் அவருக்கு ஒன்றும் வரவில்லை.

"அடி, வெட்டுன்னு ஒண்ணும் வர்லியே சார்" என்றார் அண்ணன்.

அதிகாரி குவித்த கையை இறக்கினார். "வரலை. பயத்துல எழுதிட்டேன்."

"அப்ப இது கமோஷன் சார்."

அவர் தலையசைத்தார். அண்ணன் என் பக்கம் திரும்பினார். "இப்ப நீ சொல்லு. பெட்டி எத்தினி?"

"பதினா..." என்று ஆரம்பித்தேன். அக்கா முகத்தைப் பார்த்தேன். "ரெண்டு அண்ணாத்த."

"சனம்?"

"நூத்தம்பது பேர் இருக்கும்."

அதிகாரி புகாரைத் திருத்திக் கொடுத்தார். நான் சொல்லச் சொல்ல அண்ணன் இங்கிலீஷில் அடித்த புது வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டு ஸ்டேஷனில் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் இரண்டையும் படித்துவிட்டு விஷயத்தை அங்கேயே முடித்துவிட்டார். சுரேஷ் இன்று அந்த வேலையில் இருக்கிறான். ஆபீசே அவன் சொன்னால்தான் நடக்கிறது.

அந்த வாக்குமூலத்தின் நகல் என் பீரோவில், நிலப் பத்திரத்துக்கு மேலே இருக்கிறது. அதில் கடைசி வரி என்ன என்று அன்று அவரைக் கேட்டேன். "படித்துக் காட்டப்பட்டது, அனைத்தும் உண்மை" என்றார். என் கையெழுத்துக்கு மேல் அப்படி ஒரு வரியை அடித்த மனிதர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.