மெமரி கம்மி யாருக்கு?

என் எட்டு வயது லேப்டாப்புக்கு இனி அப்டேட் வராதாம். அதற்காக, நன்றாக ஓடுகிற பொருளைக் குப்பையில் போட நான் தயாராக இல்லை. இன்று காலை அதைத் தூக்கிக்கொண்டு திண்டிவனம் சாலையில் உள்ள கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் ஆன் செய்து பார்த்தார்.

"மெமரி கம்மி ஆயா. இனிமே தேறாது. புதுசு வாங்கிடுங்க."

"எனக்கா, லேப்டாப்புக்கா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இதுல மெமரி, அதான் ராம், ஏத்த முடியாது. வீட்ல ஆம்பளைங்க யாருனா இருந்தா அனுப்புங்க, புரியற மாதிரி சொல்றேன்."

"அவர் போய் ஆறு வருஷம் ஆச்சு தம்பி. எனக்கே சொல்லுங்க. முதல்ல பின்மூடியக் கழட்டுங்க. உள்ள ராம் போட ஒரு ஸ்லாட் காலியா இருக்குது."

முனகிக்கொண்டே கழற்றினார். காலியாகத்தான் இருந்தது.

எட்டு ஜிபி ராம் ஏறியது. பிறகு என் பையிலிருந்த பென்டிரைவைச் செருகி, அவர் மேசையிலேயே, இன்னும் அப்டேட் வருகிற இலவச லினக்ஸை நானே நிறுவினேன்.

"இன்னா ஆயா, உள்ள ஸ்லாட் இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வாங்குன அன்னைக்கே திறந்து பாத்தேன். மெமரி கம்மி இல்ல பாருங்க, ஞாபகம் இருக்குது."

இந்தப் பதிவை அதே லேப்டாப்பில்தான் தட்டுகிறேன். ஓர் எழுத்துப்பிழையாவது கண்டுபிடித்துச் சொல்லுங்கள், பார்க்கலாம்.