பத்து நிமிஷத்துல படுத்துக்கிற மிஷின்

ரிப்பேர் பாக்குறவன் வாசல்ல கால் வச்ச உடனே, அதுவரைக்கும் சண்டித்தனம் பண்ணுன மிஷின் சமத்தா ஓட ஆரம்பிச்சிரும்; எங்க தொழிலுக்குன்னு எழுதிவச்ச சாபம் அது. ஸ்பானர் பிடிக்கிற பங்காளிகளே, உங்களுக்கும் நடந்திருக்கும். காரைக்குடியில எனக்குப் பம்புசெட்டும் ஜெனரேட்டரும்தான் பொழப்பு. பழைய பெரிய வீடுகள்ல வெளிநாட்டுக்காரங்க வந்து தங்க ஆரம்பிச்சதுல இருந்து, புல்லு வெட்டுற மிஷினும் சேந்துக்கிச்சு. இது பள்ளத்தூர்ல மீனாட்சி ஆச்சி வீட்டு மிஷின் என்னைப் படுத்துன பாடு.

கயித்துல கட்டின லீவர்

அந்த மிஷின் தானா நடக்கும். கைப்பிடியில இருக்க லீவரைப் பிடிச்சா சக்கரம் சுத்தும், விட்டா நின்னுரும். அங்க தோட்ட வேலை பாக்குற செல்லையாண்ணனுக்குக் கை வலிச்சிருக்கு. ஒக்கூர்ல ஏர் ஓட்டுன மனுசன், லீவரைக் கயித்தால கட்டிப்புட்டு, பின்னால கையை வீசிக்கிட்டு நடந்திருக்காரு. மூலை வந்துச்சு, மிஷின் திரும்பல. நேரா போயி, கொடியில காஞ்ச கட்டில் விரிப்பைச் சுருட்டி முழுங்கிருச்சு.

பிளேடுல சுத்துன துணியை அறுத்தெடுத்து, அத்துப்போன பெல்ட்டை மாத்திக்கிட்டே நல்லாத் திட்டுனேன். அண்ணன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு சொன்னாரு: “எம் மாடு வரப்பு வந்தா தானாத் திரும்பும் தம்பி. இம்புட்டுப் பெரிய மிஷினுக்கு அந்தப் புத்தி இல்லாமயா போகும்னு நெனச்சேன்.”

நான் போனா ஓடும்

அன்னையில இருந்து ஆச்சிக்கு அவரு மேல நம்பிக்கை போச்சு. ஆவணியில ஆச்சி மகளுக்குக் கல்யாணம், சாயங்கால விருந்து அந்தப் புல்வெளியிலதான். அந்த நேரம் பாத்து மிஷின் புதுசா ஒரு வம்பு ஆரம்பிச்சுச்சு. பத்து நிமிஷம் ஓடும், இருமும், படுத்துக்கும். அண்ணன் போன் பண்ணுவாரு. நான் பைக்கை முறுக்கிக்கிட்டுப் போயி, பெட்ரோல் இருக்கான்னு மூடியைத் திறந்து பாத்து மூடிட்டு, ஸ்டார்ட் பண்ற கயித்தை ஒரே இழு. டுர்ர்னு கிளம்பிரும். “நல்லாத்தானே இருக்கு”ன்னு சொல்லிட்டு வந்துருவேன்.

மூணு தடவை இதே கூத்து. மூணாவது தடவை ஒரு வெள்ளிக்கிழமை. ஆச்சி கையில சந்தனக் கிண்ணத்தோட வந்து நின்னாக: “நீங்க வந்தா ஓடுது, செல்லையா தொட்டா நிக்குது. இன்னொரு வாட்டி நின்னா மதுரையில இருந்து வேற ஆளு வரும், செல்லையா வீட்டுலயே இருக்கட்டும்.”

எங்க வீட்டுக் கொல்லையில

செல்லையாண்ணனுக்கு வேற பொழப்பு இல்ல. ரெண்டு பொம்பளப் பிள்ளைகளை இந்த ஒரு வேலையை வச்சுத்தான் படிக்க வைக்கிறாரு. நான் “நல்லாத்தானே இருக்கு”ன்னு சொன்ன ஒவ்வொரு தடவையும் அந்த மனுசனைப் பொய்யனாக்கியிருக்கேன்! அன்னைக்கே மிஷினை வண்டியில ஏத்தி எங்க வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன்.

பிளக்கை மாத்துனேன். கார்புரேட்டரைக் கழுவுனேன். பில்டரை மாத்துனேன். ஓட விட்டா, சொல்லி வச்ச மாதிரி பத்து நிமிஷத்துல படுத்துக்கிச்சு. பெட்ரோல் இருக்கான்னு மூடியைத் திறந்து மூடிட்டு இழுத்தேன், ஓடுச்சு. மறுபடி நின்னுச்சு, மறுபடி மூடி, மறுபடி ஓடுச்சு. அடுப்படி ஜன்னல்ல இருந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருந்த என் வீட்டுக்காரி கேட்டா: “மூடியைத் திறந்து மூடுனாலே ஓடுதே, அப்புறம் எதுக்கு அதை அக்கக்காக் கழட்டிப் போட்டிருக்கீக?”

சந்தனப் பொட்டு

போட்டாளே ஒரு போடு! மூடியை வெளிச்சத்துல வச்சுப் பாத்தேன். நட்டநடுவுல சந்தனமும் குங்குமமும் கல்லாக் காஞ்சு கெடக்கு. சுரண்டுனா, அடியில ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை. டேங்குக்குள்ள காத்துப் போற வழியே அதுதான். அது அடைச்சா பெட்ரோல் இறங்காது. மூடியைத் திறந்தா காத்துப் போயிரும், கொஞ்ச நேரம் ஓடும். எனக்கே தெரியாம மூணு வாட்டியும் வைத்தியம் பாத்துட்டு வந்திருக்கேன்.

வெள்ளிக்கிழமைன்னா காரு, கிரைண்டர், மோட்டார் எல்லாத்துக்கும் ஆச்சி தன் கையால பொட்டு வப்பாக. மிஷினுக்கு நெத்தின்னு ஒன்னு இருந்தா அது அந்த மூடிதானே! இதை அவுககிட்ட எப்படிச் சொல்றது? சொல்லல. மறுநாள் கொண்டுபோயி, ஆச்சியையே மூடியில கெட்டியாப் பொட்டு வைக்கச் சொன்னேன். கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு மூணு பேரும் நின்னோம். பத்தாவது நிமிஷம் படுத்துக்கிச்சு. சந்தனத்தைத் துடைச்சு, குண்டூசியால ஓட்டையைக் குத்திவிட்டு இழுத்தேன். புல்வெளி முச்சூடும் வெட்டி முடிக்கிற வரைக்கும் நிக்கவே இல்ல.

செல்லையாண்ணன் துண்டால கண்ணைத் துடைச்சாரு. ஆச்சி சந்தனக் கிண்ணத்தை அவரு கையில குடுத்தாக: “சாமி குத்தம்னு நெனச்சு, நின்ன வாரமெல்லாம் நான் இன்னும் கொஞ்சம் அப்பிவிட்டேன்ப்பா. மனசுல வச்சுக்காத செல்லையா. இனிமே பொட்டை நீயே வையி, எங்குட்டு வைக்கணும்னு உனக்குத்தான் தெரியும்.”

இப்பல்லாம் எந்த வீட்டு மிஷின் நின்னாலும், ஸ்பானரை எடுக்கிறதுக்கு முன்னால குண்டூசியை எடுத்துக்கிறேன், வீட்டுக்காரிகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்.