ஒன்பது பக்கிள்

தாம்பரத்தில் காலை ஆறே காலுக்குக் கம்பெனி பஸ். மறைமலை நகரில் இறங்கினால் என் வேலை நல்ல பொருளை உடைப்பது. காரில் சீட் பெல்ட்டின் நுனி போய் டக்கென்று மாட்டிக்கொள்ளுமே, அந்தப் பக்கிளைத்தான் எங்கள் கம்பெனி செய்தது. சேர்ந்தாற்போல் செய்த ஒவ்வொரு லாட்டிலிருந்தும் மூன்றை எடுத்து, மெஷினில் பூட்டி, உடையும்வரை இழுப்பேன். எந்தப் பாரத்தில் உடைந்தது என்று எழுதுவேன். உடைந்தவை சிவப்புத் தொட்டிக்கு, மிச்சமெல்லாம் லாரிக்கு. "பிசிக்ஸ் படிச்சிட்டு உடைக்கிற வேலையாடி?" என்பாள் அம்மா. "வீட்ல உடைச்சா திட்டற, அங்க சம்பளம் தர்றாங்க" என்பேன்.

எவ்வளவு தாங்கும் என்று நிச்சயமாகத் தெரிந்த பக்கிள்கள் எல்லாம் தொட்டியில் கிடந்தன. காரில் போனது எதையும் யாரும் இழுத்துப் பார்த்ததில்லை. சேர்ந்து ஒரு வருஷம் ஆகியும் இது எனக்கு உறைக்கவே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை உறைத்தது. முதல் இரண்டும் எப்போதும்போல. மூன்றாவது, தாங்கியே ஆகவேண்டிய எல்லைக்குக் கீழேயே பட்டென்று விட்டுவிட்டது. சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கிளாம்ப் சாஞ்சு பிடிச்சிருக்கும்மா. பீஸ்ல ஒண்ணும் இல்ல."

இருக்கலாம். பக்கிளைக் கவ்விப் பிடிக்கிற கிளாம்ப்பும் லேசாகத் தளர்ந்துதான் இருந்தது. தப்பு மெஷினிலா பக்கிளிலா என்று தெரியவேண்டுமானால் அதே பக்கிளை மறுபடி இழுக்கவேண்டும். அதுதான் இரண்டு துண்டாகக் கிடக்கிறதே!

கிளாம்ப்பை முடுக்கிவிட்டு, விதிப்படி இன்னும் ஆறு இழுத்தோம். ஆறும் நன்றாகவே தாங்கின. அவர் பேப்பரை என் பக்கம் தள்ளினார்.

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சும்மாவா சொன்னாங்க? நீ ஆறு சோறு பாத்துட்ட. கையெழுத்துப் போடு, வண்டி நிக்குது."

"வேகாத சோறு ஒண்ணு பல்லுல கடிபட்டா, அந்தப் பானைய இறக்குவீங்களா சார்?"

"இன்னாம்மா பேஜார் பண்ற! அப்ப மொத்தத்தையும் இழுத்துப் பாத்துடலாமா? அப்புறம் இன்னாத்த அனுப்புவ?"

அவர் கெட்டவர் இல்லை. கேட்டதும் சரிதான். எல்லாவற்றையும் இழுத்தால் அந்த லாட்டைப் பற்றிச் சந்தேகமே மிஞ்சாது. காரில் மாட்ட ஒரு பக்கிளும் மிஞ்சாது. கையெழுத்துப் போட்டேன். அப்போது எரிச்சல் மட்டும்தான் இருந்தது. பயம் வந்தது சாயங்காலம், பஸ் கூடுவாஞ்சேரியைத் தாண்டும்போது. யாரோ ஒருத்தர் மடியில் குழந்தையோடு போய்க்கொண்டிருப்பார் என்று நினைத்தேன்.

அந்த லாட் எண் மறக்கவில்லை. பக்கிளின் முதுகில் அதைச் சின்ன எழுத்தில் குத்தியிருப்பார்கள். வேலையை விட்டு வருஷங்கள் ஆகியும், எந்தக் காரில் ஏறினாலும் போன் டார்ச்சை அடித்துப் பார்ப்பேன். "இன்னா அக்கா, எதுனா விழுந்துட்ச்சா?" என்று கால்டாக்ஸி டிரைவர்கள் கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். அந்த லாட்டால் விபத்து என்று எதுவும் என் காதுக்கு வரவில்லை. அதை வைத்து என்ன சொல்வது? எல்லா விபத்தும் என்னிடம் சொல்லிவிட்டா நடக்கிறது?

போன மாதம் என் தம்பி பழைய கார் ஒன்று வாங்கினான். கோவளம் போகலாம் என்று கிளப்பிவிட்டான். பின் சீட்டில் நானும் அவனுடைய ஏழு வயது மகளும். அவளுக்குப் பெல்ட்டை மாட்டும்போது பார்த்தேன், எங்கள் கம்பெனி பக்கிள். வழக்கம்போல டார்ச். வேறு லாட். அப்பாடா என்றிருந்தது.

கேம்ப் ரோடு தாண்டுவதற்குள் அந்த அப்பாடா போய்விட்டது. நான் பயந்த லாட்டில் ஒன்பது இழுத்திருந்தோம். இதில் மூன்றுதான் இழுத்திருப்பார்கள். மூன்றும் தாங்கியதும் அதோடு விட்டிருப்பார்கள். அடுத்த ஒன்றை இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? எனக்குக் கொஞ்சமாவது தெரிந்த லாட்டுக்குப் பயந்து, தெரியாததை எல்லாம் இத்தனை வருஷம் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், மக்கு.

"அத்தை, இதையும் நீ இழுத்துப் பாத்தியா?" என்றாள். நான் செய்த வேலை அவளுக்கு ஒரு கதைபோல் தெரியும்.

"இல்லடி செல்லம். இழுத்திருந்தா இது இங்க இருக்காது."

"அப்போ இது ஸ்ட்ராங்கா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இதோட கூடப் பிறந்ததெல்லாம் ஸ்ட்ராங்கா இருந்துச்சு" என்றேன்.

பக்கிளை விரலால் தட்டிப் பார்த்தாள். "எங்க அண்ணன்கூடத்தான் ஸ்ட்ராங்கு. எனக்கு மட்டும் எப்பப் பாரு காய்ச்சல் வருதே?"

பெல்ட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன். என் கைக்கு எந்தப் பக்கிளும் தாங்கும்.

"டேய், மெதுவா போடா" என்றேன் தம்பியிடம்.