ஒட்டுக்குக் கீழே

மாங்கன்றை வெட்டினால் கசியும் பாலுக்கு மூக்கைச் சுண்டும் ஒரு வாசனை உண்டு. கையில் பட்டால் தோலைக் கறுக்க வைத்துவிடும். அப்பாவின் பெருவிரலில் அந்தக் கறை பல நாள் இருந்தது.

எழுபத்தேழு இனக்கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டை விட்டு ஓடிவந்து, வன்னியில் கனகராயன்குளத்தில் காடு வெட்டிக் குடிசை போட்டவர்கள் நாங்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. பக்கத்துக் காணியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய பாக்கியம் மாமி, ஊருக்குப் போய்த் திரும்பியபோது தேனாய் இனிக்கும் கறுத்தக்கொழும்பான் மாவில் இரண்டு ஒட்டுக்கன்றுகள் கொண்டுவந்து, ஒன்றை எங்களுக்குத் தந்தார். அப்பா அதைக் கிணற்றடியில் நட்டுவிட்டு, "இது காச்சிருச்சுன்னா நாமளும் இந்த ஊரு ஆளுக. அப்புறம் நம்மள யாரும் கெளப்ப முடியாது" என்று அம்மாவிடம் சொன்னார்.

அவர் தோட்டத்தில் நாற்றுமேடை வேலை பார்த்தவர். ஒற்றை இலையோடு நறுக்கிய தேயிலைத் தண்டை மண்ணில் ஊன்றி வேர்விடச் செய்தவர். இளஞ்செடியைக் "கவாத்து" வெட்டினால்தான் கிளை பரவும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. எங்கள் வளவில் வாழை தன்பாட்டில் குட்டி வைத்தது, மரவள்ளித் தடி ஊன்றிய இடத்தில் தளிர்த்தது. இந்தத் தெம்பில், ஒல்லிக்குச்சியாய் நின்ற மாங்கன்றையும் தரையிலிருந்து ஒரு சாண்கூட விடாமல் வெட்டிவிட்டார். துணி சுற்றிக் கட்டியிருந்த ஒட்டு, நுனியோடு சேர்ந்து கீழே விழுந்தது. அதை எங்கள் ஆடு தின்றது. ஒரு மாதத்தில் கன்று ஐந்து தளிர் விட, அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அதைப் பார்த்த மாமி என்னைக் கிணற்றடியில் மறித்தார். "பிள்ளை, மேல கட்டியிருந்த கொப்புத்தான் கறுத்தக்கொழும்பான். உங்கட அப்பா அதுக்குக் கீழ வெட்டிப்போட்டார். இப்ப நிக்கிறது கொட்டையில முளைச்ச புளிமாங்காய். அவருக்குப் பதமாச் சொல்லுங்கோ, வேற கன்று கொண்டு வாறன்" என்றார்.

எனக்கு வாய்க்காரி என்று வீட்டில் பெயர். அன்று மட்டும் அந்த வாய் எங்கே போனதோ தெரியவில்லை. அப்பா தளிர்களை எண்ணி எண்ணி அம்மாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். ஓடிவந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். அந்த நாளை வரவேயில்லை. மாமி கேட்டபோது, சொல்லிவிட்டேன், அப்பா வேறு கன்று வேண்டாமென்றார் என்று பொய் சொன்னேன். கிணறு வற்றிய கோடைகளில் குளத்திலிருந்து குடம் சுமந்து அப்பா ஊற்றியதெல்லாம் அந்தப் புளிமாமரத்துக்குத்தான். நானும் கூடவே சுமந்தேன்.

ஏழாம் வருடம் அது காய்த்தது. முதல் பழத்தை அப்பா நறுக்கி வாயில் வைத்தார். ஒரே நார், பல் கூசும் புளிப்பு. அடிமரத்தில் தான் வெட்டிய வடுவைக் குனிந்து தடவிப் பார்த்தவர், "மாமி ஒங்கிட்ட ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். அந்த வாரமே மரத்தை வெட்டி, வேரையும் கிளறி எடுத்துப் போட்டார். அதன் பிறகு அந்த வளவில் அவர் எதையும் நடவில்லை.

பின்னாளில் போர் வந்து ஊரே இடம்பெயர்ந்தது. அப்பா வழியில், யாருடையதோ ஒரு காணியில் இறந்துபோனார். பல வருடம் கழித்து நான் திரும்பி வந்தபோது குடிசையும் இல்லை, வேலியும் இல்லை. கிணறும் தூர்ந்து எங்கும் பற்றைக்காடு. மாமியின் பிள்ளைகள், துப்பாக்கிச் சன்னம் துளைத்தும் பட்டுப்போகாத தங்கள் கறுத்தக்கொழும்பானைக் காட்டித் தங்கள் காணியை அடையாளம் சொன்னார்கள். எது யார் காணி என்று பதிய வந்த அலுவலர் என்னிடமும் கேட்டார், "உங்கட காணியெண்டு காட்ட ஒரு மரமாவது நிக்குதோ?"

புளிமாமரமும் மரம்தான். அது நின்றிருந்தால் போதுமாயிருந்தது. இல்லை என்றேன்.