உள்ள உட்டுத் தெச்ச பெல்ட்டு

இத எழுதாமயே உட்டிருப்பேன். ஒம்பதாங் கிளாஸோட பள்ளிக்கூடத்துக்குக் கும்புடு போட்டவன் நானு. ஊசி புடிச்சா நடுங்காத கையி, பேனா புடிச்சா நடுங்குது. நாமக்கல்லுல லாரி சீட்டு, காரு சீட்டு தெக்கிற குஷன் கடையில வேல. கடையில நடக்கற எல்லாத்தையும் நாலு பேருகிட்ட கேலியாத்தான் சொல்லுவேன். இதையும் அப்பிடிச் சொல்லிப் பாத்தேன். எவனும் சிரிக்கல. சரி, எழுதியாச்சும் தொலைப்போம்னு உக்காந்துட்டேன்.

ராசிபுரத்துல ஜவுளிக் கடை வெச்சிருக்கற பெரியவரு ஒருத்தரு, ஒரு பழைய காரு கொண்டாந்தாரு. கல்யாணமான புதுசுல வாங்குனதாம். தொடச்சுத் தொடச்சே பெயிண்டு தேஞ்சு போன வண்டி. டிரைவர் சீட்டு நாயி கடிச்ச மாதிரி பஞ்சு பிதுங்கிக் கெடக்குது. பக்கத்துல ஆளு உக்கார்ற முன் சீட்டு மட்டும் நேத்துத் தெச்சாப்பல மொழுமொழுன்னு இருக்குது. எனக்கு வாயி சும்மா இருக்குமுங்களா?

"ஏனுங்க, ஊட்ல அம்மிணி உங்ககூட காருலயே வராதுங்களா? அவ்ளோ சண்டைங்களா?"ன்னு கேட்டுட்டேன்.

அவரு கோவிக்கல. அது செத்து ரொம்ப வருசமாச்சு சாமின்னாரு. வண்டி வாங்குன அடுத்த வருசமே, வாழப்பாடி தாண்டி ஆத்தூரு ரோட்டுல, மரவள்ளிக் கெழங்கு ஏத்துன டிராக்டரு ஒண்ணு லைட்டு இல்லாம நின்னுருக்குது. இவரு பிரேக்க மிதிச்சாரு. வண்டி நின்னுருச்சு. அந்தம்மா நிக்கல. தல போயி முன் கண்ணாடியில அடிச்சிருச்சு. அதுக்கப்பறம் அந்த சீட்டுல யாரையும் அவரு உக்கார வெக்கல.

"இந்த மாடலுக்கு அப்ப சீட்டு பெல்ட்டு வரலீங்க சாமி. பொறவு வந்த வண்டிக்கெல்லாம் போட்டான். நம்முளுதுக்கு இருந்திருந்தா அவ இருந்திருப்பா"ன்னாரு. மனப்பாடம் பண்ணி வெச்சத ஒப்பிக்கற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாரு.

இப்ப மக வெளியூர்ல இருந்து வருதாம். அந்த முன் சீட்டுல உக்காந்து கோயிலுக்குப் போகோணும்னு கேக்குதாம். சீட்டு ரெண்டையும் பிரிச்சுப் புதுசா அடிக்கோணும், அந்தக் காலத்துக் கம்பெனி பெல்ட்டே எங்காச்சும் தேடிப் புடிச்சு மாட்டோணும்னு சொன்னாரு. போறப்ப சாவிய நீட்டி, அதுல கறுத்துப் போயிருந்த குங்குமத்தக் காட்டுனாரு. ஸ்டீரிங்குல ஒண்ணு, டேஷ்போர்டு டப்பாப் பூட்டுல ஒண்ணு. வண்டி எடுத்த அன்னைக்கி அந்தம்மா வெச்ச பொட்டு. வெளக்கெண்ணெயில கொழச்சு வெச்சா லேசுல போகாதாம். தொடச்சுப் போட்றாதீங்கன்னு கையெடுத்துக் கும்புட்டாரு.

பக்கத்துப் பட்டறையில லாக்கு, கதவு வேல பாக்கறவன் என்ற கூட்டாளி. சேலத்துக்காரன். ஞாயித்துக்கெழம தவறாம சர்ச்சுக்குப் போற ஆளு. ரெண்டு பேருமாச் சேந்து அந்த மொழுமொழு சீட்டக் கழட்டுனோம். மேல ரெக்ஸின் கவரு. கவருக்கும் கம்பெனித் துணிக்கும் நடுவுல ஏதோ மொத்தமாத் தட்டுப்பட்டுச்சு. தையலப் பிரிச்சேன்.

பெல்ட்டு.

மடிச்சு, சணல்ல கட்டி, கதவோரக் கம்பத்துல மேல முறுக்கற போல்ட்டு மொதக்கொண்டு பேப்பர்ல பொட்டலம் போட்டு உள்ள உட்டுத் தெச்சிருக்கறான் எவனோ. நாடா அடியில தெச்ச கம்பெனி லேபிளு கூடக் கிழியாம இருக்குது. கம்பத்துல ஒட்டியிருந்த ரெக்ஸினப் பிச்சா, போல்ட்டு மாட்ற ஓட்டையும் இருக்குது.

எங்க தொழில்ல இது அதிசயமில்லீங்க. ஷோரூம்ல இருந்து கோயிலு, கோயில்ல இருந்து நேரா குஷன் கடை. புது சீட்டு அழுக்காகறதுக்கு முன்னால கவரு போட்றோணும். பட்டுச் சேல கசங்குது, பெல்ட்டு இடைஞ்சலா இருக்குதும்பாங்க. "உள்ள உட்டுத் தெச்சிரு"ம்பாங்க. இன்னைக்கும் வாரத்துக்கு ஒருத்தராச்சும் அதச் சொல்றாங்க, நானும் தெச்சுக் குடுக்கறேன்.

ரெண்டு பேரும் வேலையப் பாத்தோம். வெயிலு படாம கெடந்ததால நாடா நைஞ்சு போகல. ஷாம்பு கலந்த வெதுவெதுப்புத் தண்ணியில ஊற வெச்சு, தேய்க்காம அலசி, நெழல்ல தொங்க உட்டேன். கம்பெனித் தையல்ல நான் கைய வெக்கல. பெல்ட்ட மாட்ற பூட்டுக்குள்ள ஸ்பிரிங்கு துருப்புடிச்சிருந்துச்சு, அவன் கழட்டி எண்ணெ உட்டுச் சரி பண்ணுனான். அப்பறம் லாரி இஞ்சின் தூக்கற செயின்ல பெல்ட்ட மாட்டி அவனே தொங்கிப் பாத்தான். உங்கம்மா போட்ற சோறு தாங்கற பெல்ட்டு எதயும் தாங்கும்டான்னேன். அவன் சிரிக்காம எறங்குனான்.

"அவருகிட்ட என்னடா சொல்றது?"ன்னான்.

வண்டிக்குள்ளயே இருந்துச்சுன்னு உண்மையச் சொல்லிறலாம்னு அவன் சொன்னான். நான் ஒத்துக்கல. பெல்ட்டே இல்லங்கற ஒண்ணப் புடிச்சுக்கிட்டுத்தான் அந்த மனுசன் இத்தன வருசம் சோறு திங்கறாரு, அதப் புடுங்கறதுக்கு நாம யாருடான்னேன். கோயமுத்தூர்ல பழைய இரும்புக் கடையில கெடச்சுதுன்னு நான் சொல்லிக்கறேன், நீ ஞாயித்துக்கெழம சர்ச்சுல ஃபாதருகிட்டப் பாவத்தச் சொல்றப்ப எனக்கும் சேத்துப் பாவசங்கீர்த்தனம் பண்ணிருன்னேன். அவன் கையத் தொடச்சுட்டுப் பட்டறைக்குப் போயிட்டான்.

பெரியவரு வந்தாரு. கூட்டாளியும் பட்டறையில இருந்து வந்து நின்னான். கோயமுத்தூருக் கதைய நான் நல்லாத்தான் சொன்னேன். கடைக்காரன் மொகரையக் கூட நடிச்சுக் காட்டுனேன். அவரு தலையாட்டிக் கேட்டுக்கிட்டாரு. மொகத்துல கொஞ்சம் வெளிச்சங் கூட வந்துச்சு. அந்த சீட்டுக்குப் பக்கத்துல குனிஞ்சு, பூட்டக் கையில எடுத்தாரு.

பூட்டுல அமுக்கற பட்டன் செவப்பு. அதுல பள்ளமா நாலஞ்சு இங்கிலீசு எழுத்து. எழுத்துக்குள்ளயும் செவப்பா இருந்துச்சு. கம்பெனி பெயிண்டுன்னு நாங்க ரெண்டு பேருமே உட்டுட்டோம்.

அவரு கட்டவெரலு நகத்தால அந்தப் பள்ளத்தச் சொரண்டுனாரு. வெரல்ல வந்தத மோந்து பாத்தாரு. வெளக்கெண்ணெக் குங்குமம்.

கூட்டாளி தரையப் பாத்துக்கிட்டு நின்னான்.

"இடைஞ்சலா இருக்குது, உள்ள உட்டுத் தெச்சிருன்னு தையக்காரங்கிட்டச் சொன்னதே நாந்தான் சாமி"ன்னாரு. "பொட்டு வெச்சிருக்கறேன், மறைக்காதீங்கன்னு அவ சொன்னா. சீட்டப் பிரிச்சா இது வெளிய வந்துரும்னுதான் இத்தன வருசம் பிரிக்காம வெச்சிருந்தேன். நீ கோயமுத்தூருன்னு சொன்னயல்ல, சித்த நேரம் நல்லாத்தான் இருந்துச்சு."

சாவிய எடுத்து அவருகிட்டக் குடுத்தேன்.

வண்டிய நீயே ஓட்டிட்டு வான்னாரு. அவரு அந்த சீட்டுல உக்காந்தாரு. அந்தக் காலத்து பெல்ட்டு தானாச் சுருங்காது, நாமளே இழுத்து எறுக்கோணும். மூச்சு முட்டற அளவுக்கு எறுக்கிக்கிட்டாரு. ராசிபுரம் வரைக்கும் ரோட்டயே பாத்துக்கிட்டு வந்தாரு. எதுத்தாப்பல ஒரு டிராக்டரு வந்தப்ப மட்டும் ரெண்டு காலையும் வெறுந்தரையில அழுத்தி மிதிச்சாரு, அங்க பிரேக்கு இருக்கற மாதிரி.

ஊட்டு வாசல்ல நிறுத்தி, சாவிய நீட்டுனேன். அவரு எறங்கல. பூட்டு சிக்கிக்கிச்சாக்கும்னு நெனச்சு, செவப்பு பட்டன அமுத்துங்க, வந்துரும்னேன்.

"தெரியும் சாமி"ன்னாரு. "நீ போ."

திரும்பிப் பாத்துக்கிட்டே நடந்தேன். தெரு முக்கு திரும்பற வரைக்கும் அவரு அப்பிடியேதான் உக்காந்திருந்தாரு. மக நடையில நின்னு, அப்பா எறங்குங்கன்னு கூப்புட்டுக்கிட்டு இருந்துச்சு.

பஸ் ஸ்டாண்டுல இருந்து கூட்டாளிக்குப் போன் போட்டேன். நடந்தத எல்லாஞ் சொல்லிட்டு, வழக்கம் போலக் கேலியாவே முடிக்கலாம்னு, ஞாயித்துக்கெழம என்ற பாவத்தையும் மறக்காமச் சொல்லிர்றான்னேன்.

"உன்னுத நீயே சர்ச்சுக்கு வந்து சொல்லு, நானே வண்டி எடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்"ன்னான்.