நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம்

ஒரு பாதியை நன்றாக அறிந்தவர் மறு பாதியையும் அறிந்தவர் ஆவாரா? இப்படிக் கேட்டால், எதன் பாதி என்று முதலில் சொல்லுங்கள் என்பார்கள் படித்தவர்கள். நியாயம்தான். இரும்புத் தகடு வெட்டும் பட்டறையின் முன்னறையில், கணினி முன் உட்கார்ந்து பிழைத்த ஒரு பெண்மணியின் வாழ்க்கை அந்தக் கேள்வியைச் சுற்றியே போனது. ஒரு முகத்தின் பாதி அவரிடம் இருந்தது. மறு பாதி இல்லை.

பட்டறையில் அவருக்குப் பெயர் ‘பாதி’. முதலாளி வைத்த பெயர். வெளி கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி, அறை நடுவே நிற்கும் தடுப்பு என்று எது வந்தாலும் அவர் இடது பாதியை மட்டும்தான் வரைவார். திரையின் நடுவில் செங்குத்தாக ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கொடி, ஓர் இலை, ஒரு வளைவு. பிறகு எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து மிரர் கட்டளையைக் கொடுத்தால் வலது பாதி கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து நிற்கும். “பாதிச் சம்பளம் கொடுத்தா போதும்போல” என்று முதலாளி சொல்வதும், “பாதி கேட்டை வித்துக் காட்டுங்க, வாங்கிக்கறேன்” என்று இவர் திருப்பிக் கொடுப்பதும் அங்கே வழக்கம்.

பெரிய கலைஞர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். அவருடைய கொடிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்கும். தவறும் செய்திருக்கிறார். ஒருமுறை பூட்டுத் துளையை வைத்துவிட்டு அதையும் சேர்த்துத் திருப்பிப் போட்டுவிட்டார். இரண்டு கதவிலும் பூட்டுத் துளையோடு கேட் வெட்டப்பட்டு வந்தது. பின்கட்டில் லேசர் எந்திரத்தை ஓட்டும் அண்ணன் அதைத் தூக்கி வந்து சாய்த்து வைத்து, “ஏம்மா பாதி, திருடன் வந்தா எந்தப் பக்கம் உடைக்கிறதுன்னு குழம்பியே திரும்பிப் போயிடுவான்” என்றார். அந்த லேசர் அண்ணனுக்கு மீசையும் வயதும் இவரைவிடக் கொஞ்சம் கூடுதல். இந்தக் கதையை முழுதும் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

ஆனால் ஒன்றில் அந்தப் பெண்மணி கறார். பாதி உருவத்தின் புள்ளிகள் நடுக்கோட்டின் மேல் அச்சாக உட்கார வேண்டும். மயிரிழை விலகினாலும் திருப்பிப் போட்டபின் நடுவில் ஓர் இடைவெளி விழும். எந்திரம் அதையும் கோடு என்று எண்ணி மேலிருந்து கீழ்வரை அறுத்துவிடும். ஒவ்வொரு புள்ளியையும் பெரிதாக்கிப் பார்த்த பிறகே கோப்பைப் பின்கட்டுக்கு அனுப்புவார்.

வீட்டில் அம்மாவும் அவரும் மட்டும். அப்பா முன்பே போய்விட்டார். ஒரு தம்பி இருந்தான். பத்தொன்பது வயதில் ஒரு காய்ச்சலில் போனான். அதன்பின் வீடு மாறியபோது பெட்டிக்குள் மழைத் தண்ணீர் இறங்கி, படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிட்டன. மிஞ்சியது ஒன்று. தம்பி வேலை செய்த இடத்தில் எல்லாரும் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட படம். கடைசி வரிசையில் அவன். அவனுக்கு முன்னால் ஒரு நெட்டையன் நின்றதில் தம்பியின் முகம் சரிபாதி மறைந்துவிட்டது. ஒரு கண், ஒரு கன்னம், பாதி வாய். மற்றதெல்லாம் நெட்டையனின் தலைமுடியும் காதும்.

“அந்த நெட்டையன் ஒரு எட்டு தள்ளி நின்னிருந்தா என்ன கேடு?” இதை அம்மா வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். சோறு பிசையும்போது, துணி மடிக்கும்போது, எங்கிருந்தோ அந்த நெட்டையன் வந்துவிடுவான்.

“அவனுக்கென்னம்மா தெரியும்? போட்டோவுக்கு நின்னான்.”

“நின்னான். என் பிள்ளை மேல நின்னான்.”

மகள் கணினி வேலைக்குப் போன பிறகு அம்மாவின் பேச்சு வேறு திசையில் திரும்பியது. “ஊருக்கெல்லாம் பாதியை முழுசாக்கிக் கொடுக்கறே. உன் தம்பிக்குச் செய்ய மாட்டியா?”

“முகம் கேட் இல்லம்மா.”

“எனக்கு அவ்வளவு வித்தியாசமெல்லாம் வேணாம். முழுசா ஒரு தடவை பார்க்கணும். அவ்வளவுதான்.”

மகள் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். பிறகு அம்மாவின் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கத் தொடங்கியது. போனது திரும்பாது, மிச்சம் இருப்பதும் மெல்லப் போகும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மருத்துவமனைப் படியில் இறங்கும்போது அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். “இப்பவாவது செய்வியா?”

மதிய உணவு நேரம். பட்டறையில் எந்திரம் ஓய்ந்திருந்தது. படத்தைத் திரையில் பெரிதாக்கி, தெரிந்த பாதியைப் புள்ளி புள்ளியாக வரைந்தார். புருவம், கண்ணின் ஓரம், மூக்கின் ஒரு சரிவு, பாதி உதடு, காதிலிருந்து முகவாய்க்கு இறங்கும் தாடை. நடுக்கோட்டில் எல்லாப் புள்ளிகளையும் உட்கார வைத்தார். பிறகு திருப்பிப் போட்டார்.

தம்பி வந்தான் என்றுதான் முதலில் தோன்றியதாம். அடுத்த மூச்சில் அப்படித் தோன்றவில்லை. மனிதர் யாரும் இரண்டு பக்கமும் ஒரே அளவாகச் சிரிப்பதில்லை. திரையில் இருந்தவன் அப்படிச் சிரித்தான். அவனுக்கு அவசரமே இல்லை. யாரோ வருவதற்காகக் காத்திருப்பவனைப்போல நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

லேசர் அண்ணன் மெல்லிய தகட்டில் அதை வெட்டினார். தாடையும் காதும் தகட்டின் வெளி ஓரமாக, கண்ணும் மூக்கும் வாயும் உள்ளே திறப்புகளாக. ஓரத்தை அரம் போட்டு மழுக்கிக் கறுப்பு வண்ணமும் பூசிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. “நல்லா வந்திருக்கு” என்றவர் கொஞ்சம் நின்று, “கண்ணைத்தான் பார்க்க முடியலை” என்றார்.

அம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் வெகு அருகில் பிடித்துப் பார்த்தார். அழுதார். “இவன்தான். இவனேதான்” என்றார். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டச் சொன்னார். மிஞ்சியிருந்த பார்வையை அந்த ஒரு தகட்டின் மேலேயே செலவழித்தார் என்று சொல்லலாம். மகளுக்கு அந்த நிம்மதி கிடைக்கவில்லை.

இரண்டு விஷயங்கள் நடந்தன. முதலாவது பட்டறையில். எந்தக் கோட்டையும் திருப்பிப் போட்டால் அதில் ஒரு முகம் தெரிவது மனிதக் கண்ணின் இயல்பு. இரண்டு சுழிகள் கண்களாகும், நடுவில் சேரும் இடம் வாயாகும். இத்தனை நாள் அவர் அதைக் கவனித்ததில்லை. இப்போது கொடியைத் திருப்பினால் முகம். இலையைத் திருப்பினால் முகம். எல்லாம் அந்த ஒரே ஆள், அதே பொறுமையோடு. இது அவர் மனப்பிரமை என்று தள்ளிவிடலாம். ஆனால் ஒரு வாடிக்கையாளர் கிரில்லைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார். “என் வீட்டுக்காரி அந்த ரூம்ல உட்கார மாட்டேங்கறா. யாரோ பார்த்துக்கிட்டே இருக்கற மாதிரி இருக்காம்.” முதலாளி, “ஜன்னல்னா பார்க்கத்தானே சார்” என்று சமாளித்தார். பாதி எழுந்து குழாயடிக்குப் போனார்.

இரண்டாவது அதைவிட மோசம். தம்பியின் உண்மையான முகம் அவருக்கு மறந்துபோயிற்று. அவன் சைக்கிளில் தெருமுனை திரும்பும் நினைவு ஒன்று அவரிடம் இருந்தது. முதுகும், பக்கவாட்டில் கொஞ்சம் கன்னமும் தெரிகிற நினைவு. இப்போது அதை எடுத்துப் பார்த்தால், உடம்பு திரும்பிப் போகிறது, முகம் மட்டும் நேராக இவரையே பார்க்கிறது. காய்ச்சலில் கிடந்த நினைவிலும் அப்படித்தான். ஒரு படம் நினைவுக்குத் துணை நிற்கும் என்று நாம் நம்புகிறோம். அது நினைவைத் தின்றுவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளவும் கூடும்.

அம்மாவின் பார்வை முழுவதும் அணைந்த பிறகு, தகட்டைச் சுவரிலிருந்து எடுத்து மடியில் வைக்கச் சொன்னார். தொட்டுப் பார்க்க வேண்டுமாம். இரண்டு கட்டைவிரலையும் முகவாயில் வைத்து இரண்டு பக்கமும் தாடை ஓரமாக மேலே ஏற்றினார். மகனை அவர் அப்படித்தான் துடைத்துவிடுவார். குழந்தையில் தொடங்கிய பழக்கம். பத்தொன்பது வயதிலும் வேலைக்குக் கிளம்புகிறவனைப் பிடித்து நிறுத்தி, ஈரக் கையால் கீழிருந்து மேலே ஒரு தடவு. அவனும் கூச்சப்படாமல் முகத்தைக் கொடுப்பான்.

விரல்கள் காது வரை போய் நின்றன. மறுபடி முகவாய்க்கு வந்தன. மறுபடி ஏறின.

“இது யாருடி?”

“என்னம்மா இது. தம்பிதான்.”

“ரெண்டு விரலும் ஒண்ணாவே போகுது. அவன் முகத்துல ஒண்ணாப் போகாது. இந்த விரல் நடுவுல ஒரு இடத்துல வழுக்கும். எலும்பு அங்கே உள்ளே வாங்கியிருக்கும். யாரைக் கொண்டுவந்து என் எதிரே மாட்டியிருந்தே இத்தனை நாளா?”

“நீதானே இவனேதான்னு சொன்னே!”

“கண்ணு சொல்லிச்சு. கண்ணுக்கென்ன, அவசரம் அதுக்கு.”

மகளுக்குக் கோபம் வந்தது. “இல்லாத பக்கத்துக்கு நான் எங்கேம்மா போவேன்? அந்த நெட்டையன் வீட்டுக்குப் போய்க் கேட்கவா?”

அம்மா கையை நீட்டினார். மகளின் முகம் கிடைத்ததும் அதே இரண்டு விரல்களை வைத்துக் கீழிருந்து மேலே இழுத்தார். ஒரு விரல் முன்னே போனது. ஒன்று பாதியில் தயங்கி, வழுக்கி, பிறகு ஏறியது.

“இதோ இருக்கு” என்றார். “இது அவனோடது. நீயே வெச்சுக்கிட்டு என்கிட்ட இல்லேன்னு சொல்றியே.”

மறுநாள் மகள் லேசர் அண்ணனிடம் கைப்பேசியைக் கொடுத்துத் தன் முகத்தை நேராக ஒரு படம் எடுக்கச் சொன்னார். “சிரிக்காதேம்மா” என்றார் அவர். “நான் எங்கேண்ணே சிரிக்கிறேன்?” என்றார் இவர். அன்றைக்கு மிரர் கட்டளை பக்கமே போகவில்லை. ஒரு பாதி நெட்டையனுக்குப் பின்னாலிருந்து வந்த தம்பி, மறு பாதி தாம். நடுக்கோட்டில் எதுவும் சேரவில்லை. உதடுகள் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக நின்றன. ஒவ்வொரு புள்ளியையும் கையால் இழுத்துச் சமாதானம் பண்ணி வைக்க வேண்டியிருந்தது. முடிந்ததும் திரையில் ஓர் ஆள் இருந்தான். லேசாகத் தலை சாய்த்து, எதையோ சொல்ல வாயெடுத்தவன். லேசர் அண்ணன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, “இவன் மூச்சு விடறான்” என்றார். பாதி உடனே மானிட்டரை அணைத்தார்.

அந்த இரண்டாவது தகடு அம்மாவின் மடியைவிட்டு இறங்கவில்லை. விரல் வழுக்கிய முதல் நாளே, “வந்துட்டான்” என்றார். பழையது கட்டிலுக்கு அடியில் போனது.

அடுத்து நடந்ததை மகள் எதிர்பார்க்கவில்லை. பட்டறையிலிருந்து திரும்பினால் அம்மா வழக்கம்போல முகத்தைத் தடவிப் பார்ப்பார். “வந்துட்டியாடி” என்பவர் ஒருநாள், “வந்துட்டியாடா” என்றார்.

“நான்தாம்மா.”

“நீதான், தெரியுது. வேலை முடிஞ்சுதாடா?”

அம்மாவுக்குப் புத்தி பேதலிக்கவில்லை. மாத்திரையின் பெயர்கள் தெரியும், அடுத்த வீட்டுச் சண்டை தெரியும், அரிசி தீர்ந்தது தெரியும். மகளைக் கேட்டு யாராவது வந்தால், “அவ இன்னும் வரலையே” என்பார், மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே. மகள் சில நாள் திருத்தினார், சில நாள் சண்டை போட்டார். பிறகு ஒருநாள், “வந்துட்டேம்மா” என்று மட்டும் சொன்னார். அம்மா நிம்மதியாகத் தூங்கினார். காலையில் முகம் கழுவும்போது கண்ணாடியில் ஒரு பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு கழுவும் பழக்கம் அப்போதுதான் அவருக்கு வந்தது. இதை ஒருமுறை லேசர் அண்ணனிடம் சிரித்தபடியே சொன்னாராம். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மா இறந்தது ஒரு முற்பகலில். கடைசியாக, “அவளைக் கூப்பிடுடா, எங்கே போயிட்டா” என்று கேட்டார். “வருவாம்மா” என்றார் மகள்.

எல்லாம் முடிந்து உறவினர்கள் கலைந்துகொண்டிருந்தபோது சித்தி அம்மாவின் படத்தைச் சுவரில் மாட்டச் சொன்னார். “பக்கத்துல அந்தப் பிள்ளையோட தகட்டையும் மாட்டுடி. அக்கா கையை விட்டு இறக்காம வெச்சிருந்தாளே, அதை.”

மகள் கட்டிலுக்கு அடியில் குனிந்து முதல் தகட்டை எடுத்தார். தூசியைத் துடைத்து அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

“இது அது இல்லையேடி” என்றார் சித்தி.

“கோணலா இருக்கா பாருங்க சித்தி.”

கோணலாக இல்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவாக அது அறையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வேலைக்குத் திரும்பிய அன்று பைக்குள் இரண்டாவது தகட்டோடு வந்தார். முன்னறையில் நிற்காமல் நேராகப் பின்கட்டுக்குப் போய், வெட்டி மிஞ்சிய துண்டுகள் குவிந்து கிடக்கும் இடத்தில் அதை வைத்தார். பழைய இரும்பு ஏற்றும் வண்டி வாசலில் நின்றிருந்தது.

“ஏம்மா, இது...” என்றார் லேசர் அண்ணன்.

“அதுல பாதி நான்தானேண்ணே. எடையில சேர்த்துடுங்க” என்று சொல்லிவிட்டு, முன்னறைக்கு வந்து கணினியைப் போட்டார். ஒரு கேட் பாதியில் நின்றிருந்தது. அதைத் திருப்பிப் போட்டார்.