டவருக்கு அடியில் நின்ற காலை

எங்கள் பக்கம் யாரும் சிக்னல் என்று சொல்வதில்லை, டவர் என்றுதான் சொல்வோம். பேச்சு கேட்கவில்லையா, டவர் இல்லை. வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறதா, அதற்கும் டவர் இல்லை. தூத்துக்குடியில் துறைமுகம் போகிற சாலையில் பல வருடமாக செல்போன் கடை வைத்திருக்கிறேன். "அண்ணாச்சி, டவரே எடுக்க மாட்டேங்கு" என்று லாரி டிரைவர்கள் வந்து நிற்பார்கள். போனை வாங்கி ஆஃப் பண்ணி ஆன் பண்ணிக் கொடுப்பேன். பெரும்பாலும் சரியாகிவிடும். அதனால் போன் விஷயத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஒரு நினைப்பு.

ஊருக்கெல்லாம் ரீசார்ஜ் போடுகிறவன் வீட்டில், என் மனைவியின் போனில் ரீசார்ஜ் முடிந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. இரண்டு முறை ஞாபகப்படுத்தினாள். "நாளைக்குப் போடுதேன்" என்றேன். வீட்டில்தான் வைஃபை இருக்கிறதே, வெளியே எங்கே போகப் போகிறாள் என்ற அலட்சியம், வேறென்ன.

அவள் அரசு வேலைக்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடப் படிப்பு. விடியும் முன்பே எழுந்து, அடுப்பில் உலை கொதிக்கும்போதும் கையில் நோட்டு இருக்கும். தேர்வு மையம் வேம்பாருக்கு மேற்கே, கடற்கரைச் சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு பள்ளிக்கூடம் என்று ஹால் டிக்கெட்டில் வந்தது. ஒன்பது மணிக்கு மேல் ஒரு நிமிடம் ஆனாலும் உள்ளே விடமாட்டார்கள்.

"முந்தின நாளே ஒரு எட்டு போய் எடத்தப் பாத்துட்டு வந்துருவமா?" என்று கேட்டாள்.

"மேப் எதுக்கு இருக்கு? சும்மா கெட" என்றேன்.

காலை ஆறரைக்குப் பைக்கில் கிளம்பினோம். ஹேண்டில்பாரில் என் போன், அதில் போகவேண்டிய வழி நீலக் கோடாகத் தெரிந்தது. பின்னால் அவள். வேம்பார் தாண்டி இடது பக்கம் திரும்பும்போது மணி எட்டுகூட ஆகவில்லை. உள்ளே கொஞ்ச தூரம் போனதும் பாலம் வேலை என்று ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் போன மண் பாதையில் வண்டியை விட்டேன். போனில் கோடு ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். திரையின் மேல் மூலையில் பார்த்தால் டவர் ஒரு கட்டைகூட இல்லை.

கடையில் என்ன செய்வேனோ அதையே செய்தேன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். போயிற்று! இருந்த கோடும் போய்விட்டது. வெறும் வெள்ளைத் திரை, நடுவில் ஒரு நீலப் புள்ளி மட்டும்.

"என் போனப் பாக்கட்டுமா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. "ஏளா, ரீசார்ஜ் இருக்க போனே வேல செய்யல. உன் போன் வழி காட்டுமாக்கும்? பேசாம இரி."

வழியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பள்ளிக்கூடத்துக்கு வழி கேட்டிருந்தால் முடிந்திருக்கும் விஷயம். என் வாயில் என்ன வந்தது? "இங்கன டவர் எங்க இருக்கு?"

"டவரா? அன்னா தெரியுதுல்லா" என்று கம்பை நீட்டினார். முள் மண்டிய உடங்காட்டுக்கு அப்பால் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு டவர் நின்றது. மேட்டிலும் பள்ளத்திலும் வண்டியை விரட்டினேன். போய்ச் சேர்ந்து, டவருக்கு நேர் அடியில் நின்று போனைத் தூக்கிப் பிடித்தேன். டவர் இல்லை. அது வேறு கம்பெனியுடையதோ, கரண்ட் இல்லாமல் கிடந்ததோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. கம்பி வேலியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். "சவத்துப் போன்" என்று ஏசினேன். மணி எட்டு நாற்பது.

அவள் இறங்கி, தன் போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். சிம் இருந்தும் செத்துக் கிடந்த அந்தப் போனில் ரோடு, ஓடை, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. நாங்கள் நின்ற இடத்தில் நீலப் புள்ளி.

"இந்த மேப் படத்த வீட்டு வைஃபைலயே எறக்கி வச்சிருக்கேன். நாம நிக்கிற எடத்த சாட்டிலைட்டு சொல்லும். அதுக்கு டவரும் வேண்டாம், ரீசார்ஜும் வேண்டாம். மொதல்லயே இதத்தான் சொல்ல வந்தேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இடத்தைச் சொல்வது வானத்தில் இருக்கிற சாட்டிலைட், டவர் வழியாக வருவது படம் மட்டும்தான், அதையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளலாம். என் போனில் அந்த வெள்ளைத் திரையில் நின்ற புள்ளிகூடச் சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறது. அதை நம்பாமல், இரும்புக் கம்பத்தைத் தேடி எதிர்த்திசையில் வந்திருக்கிறேன். இத்தனை வருடம் கடை நடத்தி நான் கற்றது ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது மட்டும்தான்.

பின்னால் இருந்து அவள் வழி சொல்ல, நான் ஓட்டினேன். "இடது. நேரா. அந்த வேப்பமரத்துக்கிட்ட வலது." ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை. பள்ளிக்கூட வாசலில் நிற்கும்போது மணி ஒன்பது ஏழு. கேட்டை உள்ளிருந்து பூட்டியிருந்தார்கள்.

காவலுக்கு நின்ற பெண் போலீஸ், "என் கையில ஒண்ணுமில்லம்மா" என்றார். அவர் முகத்திலும் வருத்தம் இருந்தது. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஏழு நிமிடம் ஒரு பெரிய விஷயமா, மனுஷங்கதானா நீங்க என்று கத்தத் தொடங்கினேன். என் மனைவி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள்.

"அவங்கள ஏன் ஏசுதீங்க? அவங்களா டவரத் தேடிப் போனாங்க?"

எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். உள்ளே மணி அடித்தது, தேர்வு தொடங்கிவிட்டது. "தப்பு பூராவும் எம் மேலதான்" என்றேன். அவள் டீயை மெதுவாகக் குடித்து முடித்தாள். ஹால் டிக்கெட்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். அப்புறம், கறிக்கு என்ன வாங்கவேண்டும் என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"அடுத்த தடவ நான் பஸ்ல வந்துருதேன். நீங்க கடையப் பாத்துக்கிடுங்க."